உண்ணும் உணவும் குடல்வாழ் நுண்ணங்கியும்: ஆய்வுகூட எலிகள் உரைக்கும் வரலாறு

பூநகரி என்றதும் ஈழத்துத் தமிழர் நினைவுக்கு முதலில் வருவது நெல்லே. யாழ்ப்பாணக் கடனீரேரியின் தென்கரையிலே, மணற்பரப்பும் பனங்கூடலும் வயல்வெளியும் அடுத்தடுத்து அமைந்த அந்நிலத்தில், ஒல்லாந்தர் விரித்துக் கட்டிய பழங்கோட்டை ஒருபுறம் சிதைந்து நிற்க, மறுபுறம் வானத்து மழையையே நம்பிக் காலபோக நெல் விளைந்து வருகின்றது. அங்கு விளையும் நெல்லினங்களுள் மொட்டைக்கறுப்பன் பெயர்பெற்றது. அதன் அரிசி செந்நிறத்தது. நெல்லை அவித்து உலர்த்திக் குற்றி ஆக்கிய அச்சோறு நெடுநேரம் பசி தாங்கும் என்பது உழவர் அநுபவம். அவர் கூற்று மெய்யாயின், அதன் காரணம் யாது? இவ்வினாவை எழுப்புவோர் பெரும்பாலும் அரிசியின் சத்தினையும் உண்பவரின் உடலினையும் மட்டுமே எண்ணிப் பார்ப்பர். ஆயின், நாம் உண்ணும் சோறு நமக்கு மட்டுமா உணவாகின்றது?

நம் பெருங்குடலிலே கண்ணுக்குப் புலனாகாத நுண்ணங்கிகள் கோடானுகோடி குடியிருக்கின்றன. அவற்றுட் பெரும்பாலன பற்றீரியாக்கள். நாம் சீரணித்து முடித்தபின் எஞ்சுவதே அவற்றின் உணவு. ஆகவே, உண்பவர் ஒவ்வொருவரும் தமக்கும் தம் வயிற்றுக் குடிகளுக்குமாக ஈரிடத்துக்கு உணவிடுகின்றனர் எனலாம். உணவு மாறின் அக்குடிகளும் மாறும் என்னும் உண்மை இன்று ஐயமற நிறுவப்பட்டுள்ளது. அதனை நிறுவியவை பெரும்பாலும் ஆய்வுகூடத்து எலிகளும் சுண்டெலிகளுமே. அவ்வரலாற்றிலே அரிசிக்கும் தமிழர்க்கும் உள்ள இடம் சிறிதன்று. அதனை ஈண்டு முறையாக ஆராய்வாம்.

எலியைத் தெரிந்தெடுத்தமைக்குத் தக்க காரணங்கள் உண்டு. எலி மனிதனைப் போலவே தானியம், பயறு, பால், ஊன் என எதனையும் உண்ணும். அதன் கருக்காலம் மூன்று வாரத்துக்குச் சற்று மிகுந்ததே. ஆகையால் ஓர் ஆய்வாளர் தம் வாழ்நாளிலேயே பல தலைமுறைகளைக் கண்டறியலாம். ஒரே தாயின் குட்டிகளைப் பிரித்து வெவ்வேறு கூடுகளில் வெவ்வேறு உணவு ஊட்டலாம். மனிதரை அங்ஙனம் அடைத்து வைத்து ஊட்டுதல் அறமுமன்று, இயல்வதுமன்று.

குடலிலே பற்றீரியாக்கள் உள என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெரிந்த செய்தி. அவை உயிர் வாழ்வுக்கு இன்றியமையாதனவோ என்பதே அன்றைய வினா. 1885ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டுப் பேரறிஞர் லூயி பாச்சர், நுண்ணங்கிகள் அறவே இல்லாத விலங்கு உயிர்வாழாது எனத் தாம் கருதுவதாக எழுதினார். பத்தாண்டு கழித்துப் பேர்லின் நகரிலே நத்தால், தியர்பெல்டர் என்னும் இருவர் கினிப்பன்றிக் குட்டிகளை அறுவை மூலம் கருப்பையினின்று எடுத்து, நுண்ணங்கி நீக்கிய காற்றும் உணவும் அளித்துச் சில நாட்கள் வளர்த்துக் காட்டினர். பாச்சரின் கருத்து அவ்வளவில் மறுக்கப்பட்டதாயினும், பற்றீரியா இன்றியும் வாழலாம் என்பது வேறு, நன்கு வாழலாம் என்பது வேறு. பின்வந்த ஆய்வுகள் இந்த வேறுபாட்டையே விளக்கின.

உணவு மாறின் பற்றீரியாவும் மாறுமா என்பதை நேராக ஆராய்ந்தோருள் அமெரிக்க அறிஞர்களாகிய ஏர்ட்டரும் கெண்டலும் முற்பட்டவர்கள். 1910ஆம் ஆண்டில் அவர்கள் குரங்குகளுக்கும் பூனைக்குட்டிகளுக்கும் ஒருகாற் புரதம் மிகுந்த உணவையும், பிறிதொருகாற் பாலும் வெல்லமும் கலந்த உணவையும் மாற்றி மாற்றி ஊட்டி, கழிவிலுள்ள பற்றீரியா வகைகளும் உணவுக்கேற்ப மாறுதலைக் கண்டனர். அவர்களைத் தொடர்ந்து யேல் பல்கலைக்கழகத்து இரெற்கரும் அவர்தம் மாணாக்கரும் வெள்ளெலிகளைக் கொண்டு இவ்வாய்வை விரித்தனர். பாலிலுள்ள இலற்றோசு என்னும் வெல்லத்தையோ, மாப்பொருளிலிருந்து பெறப்படும் தெத்திரினையோ ஊட்டியபோது, புளிப்பை உண்டாக்கும் பற்றீரியாக்கள் எலியின் குடலிற் பெருகி ஏனையவற்றை ஒடுக்கின. 1921இல் வெளிவந்த அவர்தம் நூல் இம்முடிவுகளைத் தொகுத்துரைத்தது. வெளியிலிருந்து பற்றீரியாவை உட்கொள்வதனால் மட்டும் பயன் நிலைக்காது. அதற்கு வேண்டிய உணவும் குடலுக்குச் சென்றுகொண்டிருத்தல் வேண்டும் என்பதே அவ்வாய்வு தந்த படிப்பினை. விதையிட்டாற் போதாது, நீரும் பாய்ச்ச வேண்டும் என்பது உழவர்க்குச் சொல்லித் தெரிய வேண்டியதன்று.

இவ்வாறு மேனாட்டிலே பாலும் வெல்லமும் ஆராயப்பட்டுக் கொண்டிருந்த காலத்திலே, கீழைநாடுகளில் அரிசி ஆராயப்பட்டு வந்தது. அதற்கு ஏதுவாயிருந்தது பெரிபெரி என்னும் கொடுநோய். கைகால் மரத்து, உடல் வீங்கி, இருதயம் தளர்ந்து மக்கள் மடிந்தனர். யாவாத் தீவின் பத்தேவியா நகரிலே, ஒல்லாந்த மருத்துவர் ஐக்மன் 1890ஆம் ஆண்டை அடுத்து ஒரு புதுமை கண்டார். மருத்துவமனைச் சமையற்கூடத்தில் எஞ்சிய வெள்ளைச் சோற்றை உண்ட கோழிகள் கால் தளர்ந்து வீழ்ந்தன. தவிடு நீங்காத அரிசி கொடுத்ததும் தேறின. வெள்ளை மாப்பொருளினின்று குடலிலே ஒரு நஞ்சு பிறக்கின்றது, அதனைத் தவிடு முறிக்கின்றது என்று அவர் முதலிற் கருதினார். அக்கருத்துப் பிழை. நஞ்சு மிகுந்தமையால் அன்று, தவிட்டிலிருந்த சத்தொன்று குறைந்தமையாலேயே நோய் வந்தது என்பதை அவர்க்குப் பின் அப்பணியை ஏற்ற கிரீன்சு 1901இல் தெளிவுறுத்தினார். அச்சத்தே பின்னர் தயமின் எனப் பெயர்பெற்ற உயிர்ச்சத்து. ஐக்மனுக்கு 1929இல் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

இவ்விடத்திலே தமிழர் உணவு மருத்துவ வரலாற்றிற் புகுகின்றது. இந்தியத் தமிழரும் யாழ்ப்பாணத்தாரும் தொழில் தேடிச் சென்ற மலாய் நாட்டிலே பெரிபெரி சுரங்கத் தொழிலாளரிடையே பெருகியிருந்தது. அங்கு மருத்துவராயிருந்த பிராட்டன் 1907இல் வெளியிட்ட நூலில், தீட்டிய வெள்ளைப் பச்சரிசி உண்ட சீனத் தொழிலாளரை நோய் பற்றியதையும், புழுங்கலரிசி உண்ட தமிழர்களை அது பெரும்பாலும் அணுகாமையையும் எடுத்துக்காட்டினார். காரணம் பின்னர் விளங்கிற்று. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள உயிர்ச்சத்தின் ஒரு பகுதி அரிசியின் உள்ளே ஊடுருவித் தங்கிவிடுகின்றது. பின்பு தீட்டினும் அது முற்றாக நீங்குவதில்லை. நம் முன்னோர் உயிர்ச்சத்தை அறிந்து நெல்லை அவித்தாரல்லர். ஆயினும் அவித்தமையால் அவர் வழிவந்தோர் பிழைத்தனர்.

தமிழகத்து நீலகிரி மலையிலுள்ள குன்னூர் அடுத்த களமாயிற்று. அங்கே 1918இல் பெரிபெரி ஆய்வைத் தொடங்கிய இரொபேட் மக்காரிசன் (1878–1960), சத்துக் குறைந்த உணவு குடலின் சுவரையே நலியச் செய்கின்றது என்பதையும், நலிந்த குடலிலே பற்றீரியாக்கள் எளிதிற் புகுந்து கேடு விளைக்கின்றன என்பதையும் குரங்கு, புறா முதலியவற்றிற் கண்டு 1921இல் நூலாக்கினார். பின்னர் அவர் செய்த எலி ஆய்வு உலகறிந்தது. இந்தியாவின் வெவ்வேறு மக்களின் உணவுகளை அவ்வவர் உண்ணுமாறே சமைத்து எலிக்கூட்டங்களுக்கு ஊட்டினார். 140 நாட்களின் பின் நிறுத்துப் பார்த்தபோது, முழுக்கோதுமை அப்பமும் பாலும் பயறும் காய்கறியும் கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் நிறையுடையனவாயிருந்தன. தீட்டிய அரிசியை முதலாகக் கொண்ட சென்னை உணவை உண்டவையோ 155 கிராமே இருந்தன. குன்னூரில் வளர்ந்த அவ்வாய்வுகூடம் 1958இல் ஐதராபாத்துக்கு மாற்றப்பெற்றது.

இம்முடிவைக் கண்டு சோறு தாழ்ந்தது, கோதுமை உயர்ந்தது என முடிவு கட்டியோர் பலர். அது பொருந்தாது. இவ்விரு உணவுகளும் தானியத்தால் மட்டும் வேறுபட்டன அல்ல. பால், நெய், காய்கறி ஆகியவற்றின் அளவாலும் வேறுபட்டன. சென்னை உணவில் இடம்பெற்ற அரிசியும் தவிடு போகத் தீட்டப்பட்டுக் கழுவப்பட்டதே. எனவே அவ்வாய்வு அரிசியைக் குற்றஞ்சாட்டவில்லை. அரிசியை நாம் நடத்திய முறையையே குற்றஞ்சாட்டிற்று. அன்றியும், அவ்வெலிகளின் குடலிலே வாழ்ந்த பற்றீரியாக்கள் அந்நிறை வேறுபாட்டில் என்ன பங்கு கொண்டன என்பது அவ்வாய்வில் எழுப்பப்படாத வினா. அதற்கு விடை வடதிசை நாடொன்றில் எதிர்பாராவகையிற் பிறந்தது.

1926ஆம் ஆண்டில் தென்மார்க்கு நாட்டு அறிஞர் பிரடரீசியா, பீ வகை உயிர்ச்சத்து அறவே இல்லாத உணவைச் சில எலிகளுக்கு ஊட்டி வந்தார். அவ்வுணவிலே சமைக்காத அரிசி மாப்பொருள் சேர்ந்திருந்தது. முறைப்படி அவ்வெலிகள் மெலிந்து மடிந்திருத்தல் வேண்டும். ஆயின், அவற்றுட் சில திடீரெனத் தேறி வளரத் தொடங்கின. தேறிய எலிகளின் கழிவு வெண்ணிறமாகவும் மிகுதியாகவும் இருந்தது. அக்கழிவிற் சிறிதளவை நலிந்த எலிகளுக்கு ஊட்டியபோது அவையும் தேறின. நோய் தொற்றுதல் போல ஈண்டு நலமே தொற்றிற்று. இந்நிகழ்ச்சிக்கு, உண்டு தேறுதல் என்னும் பொருள்படும் இலத்தீன் சொல்லடியாக அவர் பெயரிட்டார்.

இதன் விளக்கம் வருமாறு. வேகாத மாப்பொருட் பரல்கள் சிறுகுடலிற் சீரணமாகாது தப்பி, எலியின் பெரிய குருட்டுக்குடலை அடைந்தன. அங்கே அவற்றை உண்டு பெருகிய பற்றீரியாக்கள், எலிக்கு வேண்டிய உயிர்ச்சத்துக்களைத் தாமே ஆக்கின. தன் கழிவை உண்ணும் இயல்புடைய எலி அச்சத்துக்களை மீண்டும் பெற்றது. மாப்பொருளை வேகவைத்து ஊட்டியபோது இவ்விளைவு தோன்றவில்லை; அது சிறுகுடலிலேயே சீரணமாகிவிட்டமையால் கீழுள்ள குடிகளுக்கு யாதும் கிட்டவில்லை. ஒரே பொருள், அதனை ஆக்கிய முறை வேறு. அவ்வளவிலே ஓர் எலி வாழ்ந்தது, மற்றோர் எலி மடிந்தது.

இவ்வுண்மையை மறுபுறத்திலிருந்து உறுதிப்படுத்திய ஆய்வுகளும் எழுந்தன. 1941ஆம் ஆண்டளவில், பற்றீரியாவை அடக்கும் சல்பா மருந்துகளைத் தூய்மையாக்கிய உணவுடன் கலந்து எலிகளுக்கு ஊட்டியபோது, வழக்கமாகத் தோன்றாத உயிர்ச்சத்துக் குறைபாடுகள் தோன்றின. சுவீடன் நாட்டுக் குசுத்தாவ்சன் நுண்ணங்கி அற்ற எலிகளை வளர்த்து, 1959இல் மேலும் தெளிவான சான்று தந்தார். கே உயிர்ச்சத்து இல்லாத உணவை உண்ட அவ்வெலிகள் குருதி உறையாது நலிந்தன. அதே உணவை உண்ட வழக்கமான எலிகளோ தம் பற்றீரியாக்கள் ஆக்கிய சத்தினால் நலமாயிருந்தன.

எனினும், குடல்வாழ் பற்றீரியாக்களுட் பலவற்றை ஆய்வுகூடத் தட்டுக்களில் வளர்த்தல் அரிதாயிருந்தமையால், இத்துறை நெடுங்காலம் முழு வேகம் பெறவில்லை. பற்றீரியாவை வளர்க்காமலே அதன் பாரம்பரியப் பொருளைக் கொண்டு இனங்காணும் முறை இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலே பரவியபின் நிலை மாறிற்று. அமெரிக்காவில் கோர்டன் என்பாரும் அவர்தம் குழுவினரும் 2004இல், நுண்ணங்கி அற்ற சுண்டெலிகளுக்கு வழக்கமான சுண்டெலிகளின் குடற் பற்றீரியாக்களைப் புகுத்தினர். இரு வாரத்துள் அவற்றின் உடற்கொழுப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 60 வீதம் கூடிற்று. அவை முன்னினும் குறைவாகவே உண்டன என்பது வியப்பு. 2009இல் அக்குழுவினர் மனிதரின் பற்றீரியாக்களைச் சுண்டெலிகளிற் குடியேற்றி, தாவர உணவினின்று கொழுப்பும் வெல்லமும் மிகுந்த மேனாட்டு உணவுக்கு அவற்றை மாற்றினர். ஒரே நாளில் பற்றீரியாக் கூட்டத்தின் அமைப்பு மாறிவிட்டது.

மாறுவது அத்துணை விரைவெனின், மீள்வதும் அத்துணை விரைவோ? இவ்வினாவுக்கு 2016இல் கிடைத்த விடை நம்மை எண்ணவைப்பது. இசுத்தான்பேட் பல்கலைக்கழகத்துச் சொன்னென்பேர்க் குழுவினர், மனிதப் பற்றீரியாக்கள் குடியேறிய சுண்டெலிகளுக்கு நார்ப்பொருள் குறைந்த உணவை ஊட்டினர். பற்றீரியா வகைகள் பல அருகின. ஒரே தலைமுறையில் நல்லுணவுக்குத் திரும்பியபோது பெரும்பாலன மீண்டன. ஆயின், அவ்வுணவே நான்கு தலைமுறை தொடர்ந்தபோது ஒவ்வொரு தலைமுறையிலும் மேலும் பல வகைகள் மறைந்தன. அதன்பின் நார்ப்பொருள் மிகுந்த உணவை எவ்வளவு அளித்தும் அவை மீளவில்லை. இழந்த பற்றீரியாக்களை வெளியிலிருந்து மீண்டும் புகுத்திய பின்னரே உணவு பயன் தந்தது. அதே ஆண்டில் வெளிவந்த பிறிதோர் ஆய்வு, நார்ப்பொருள் கிடைக்காதபோது சில பற்றீரியாக்கள் குடலின் உட்சுவரைக் காக்கும் சளிப்படலத்தையே அரித்து உண்ணத் தலைப்படுகின்றன எனக் காட்டிற்று. குடிகளைப் பட்டினியிட்டால் அவர்கள் வீட்டின் கூரையைப் பிடுங்குதல் போன்றது இது.

எலியிற் கண்டதனை மனிதர்க்குப் பயன்படுத்தியதற்கு நம் அண்மையிலேயே சான்று உண்டு. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இராமகிருட்டிணா என்பாரும் அவர்தம் குழுவினரும் வாந்திபேதி நோயாளர்க்கு வழக்கமான உப்புநீர்க் கரைசலுடன், சிறுகுடலிற் சீரணமாகாத சோள மாப்பொருளைச் சேர்த்துக் கொடுத்தனர். அம்மாப்பொருளைப் பெருங்குடற் பற்றீரியாக்கள் நொதிக்கச் செய்து சிற்றமிலங்களாக்குகின்றன. அவ்வமிலங்கள் உப்பையும் நீரையும் குடல் மீள உறிஞ்சத் துணைபுரிகின்றன. இதனால் நோயாளரின் நீரிழப்புக் குறைந்தது. பேதியும் விரைந்து நின்றது. 2000ஆம் ஆண்டில் வெளியான இவ்வாய்வு, பற்றீரியாவுக்கு உணவிட்டு மனிதனைக் காத்ததற்கு ஒரு தெளிந்த எடுத்துக்காட்டு.

இவ்வளவும் கூறியபின் ஓர் எச்சரிக்கையும் கூறுதல் கடன். எலி மனிதனன்று. அதன் குருட்டுக்குடல் உடலளவுக்கு மிகப் பெரியது, மனிதனதோ சிறியது. தன் கழிவை உண்ணும் வழக்கத்தால் எலி பெறும் சத்தை மனிதன் பெறான். ஆதலின் பிரடரீசியாவின் எலிகள் தேறியமை கொண்டு, பச்சை மாவை உண்டால் உயிர்ச்சத்து வேண்டாம் என எவரும் துணிதல் தகாது. அங்ஙனமே, பழமையானது என்பது மட்டும் ஓர் உணவு தீங்கற்றது என்பதற்குச் சான்றாகாது. 1970களில் ஈழத்து ஆய்வாளர் பனங்கிழங்கு மாவை எலிகளுக்கு நெடுநாள் ஊட்டி, அவற்றின் ஈரலிலே ஊறு தோன்றுதலைக் கண்டு வெளியிட்டனர். ஒடியற்கூழைப் போற்றும் நாமும் அச்செய்தியைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள். எலி நமக்குச் சொல்வது தீர்ப்பன்று, வினா. மேலும் ஆராய்ந்து பார் என்பதே அதன் உரை.

இனி, தொடங்கிய இடத்துக்கு மீள்வாம். பூநகரிச் சோறு பசி தாங்குவதன் காரணத்தை இப்பொழுது ஓரளவு ஊகிக்கலாம். தவிடு முற்றாக நீங்காத அரிசியில் நார்ப்பொருள் எஞ்சியுள்ளது. அவித்து ஆறிய நெல்லிலும், ஆக்கி ஆறிய சோற்றிலும் மாப்பொருளின் ஒரு சிறு பகுதி மீண்டும் இறுகிச் சிறுகுடலின் சீரணத்துக்கு இணங்காத நிலையை அடைகின்றது. பழஞ்சோறு உண்பவர் அறியாமலே அப்பகுதியைத் தம் குடிகளுக்கு அனுப்புகின்றார். இஃது எல்லா நோய்க்கும் மருந்து என்று கூறுவார் கூற்றை நம்பற்க. சிவப்பரிசியும் மிகுந்தால் வெல்ல நோயாளர்க்குத் தீங்கே. ஆயினும், வெள்ளைவெளேரெனத் தீட்டிய அரிசியை நாகரிகம் என்று கொண்டு தவிட்டைக் கால்நடைக்குத் தள்ளும் வழக்கம், நம் உணவின் ஒரு பங்காளரைப் பட்டினியிடும் வழக்கம் என்பதில் ஐயமில்லை.

பூநகரி மக்கள் 2008ஆம் ஆண்டுப் போரில் ஊர்விட்டு அகன்றனர். போர் 2009இல் முடிந்தபின்னரே மீண்டனர். மீண்டவர்க்கு நிலம் இருந்தது. வானம் முன்போலவே பொழிந்தது. ஆயின், நிலமும் மழையும் இருப்பினும் விதைநெல் இல்லையெனின் மொட்டைக்கறுப்பன் முளைப்பதில்லை. எங்கேனும் ஒரு வீட்டிலே, ஓர் ஊரிலே விதை எஞ்சியிருந்தாலன்றிப் பழைய இனம் வயலுக்கு வாராது. நான்கு தலைமுறை கழிந்த சுண்டெலிகளின் குடலிலே நிகழ்ந்ததும் இதுவே. உணவு திரும்பிற்று, உண்போர் இல்லை. ஒரு தலைமுறை இழந்ததை அத்தலைமுறையே மீட்டுக்கொள்ளலாம். பல தலைமுறை இழந்ததை மீட்பதற்கு, இழவாது காத்த ஒருவர் வேண்டும்.

ஆகவே, மாணவர்களே, பூநகரி வயலிலே பழைய நெல்லை இன்றும் விதைத்து வரும் உழவர் தம் குடும்பத்துக்கு மட்டும் உணவு விளைப்பவரல்லர். அவர் காத்து வைத்திருக்கும் விதையும், அதனை அவித்துக் குற்றும் முறையும், அச்சோற்றை உண்டு வளர்ந்த குடலிலே வாழும் கண்காணாக் குடிகளும் ஒரு தொடரின் கண்ணிகள். அத்தொடரை ஆராய்ந்து, கொள்ளுவன கொண்டு தள்ளுவன தள்ளும் பணி வருங்காலத்து விஞ்ஞான மாணவர்க்கு உரியது. கண்ணிகள் அறாதிருக்கும் இக்காலத்திலேயே அதனைத் தொடங்குதல் நன்று.